பாஜு புத்தக நகரில் இருபத்து நான்கு நாள்

நவீன ஆசிய இலக்கியம் என் ஆய்வுப் பாடம். நான்கு ஆண்டுகளாகப் படிக்கிறேன்; கொரிய நாவல், ஜப்பானியச் சிறுகதை, வியட்நாமியக் கவிதை என எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகத்தான் படித்திருக்கிறேன். அந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்ததால், தென்கொரியாவில் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு உரிமை முகமையில் பயிற்சிப் பணி கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். இரவுகளில் அறையில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகள் இவை.

நவம்பர் 11, 2024, திங்கள்

காலை ஏழே முக்காலுக்கு ஹாப்ஜியோங் நிலையத்தருகே 2200 எண் சிவப்புப் பேருந்துக்கு வரிசையில் நின்றேன். கட்டணம் 2,800 வோன். சியோலை விட்டு வெளியேறியதும் இடப்பக்கம் ஹான் ஆறு கூடவே வருகிறது. கரை நெடுக முள்கம்பி வேலி, இடையிடையே காவல் கூண்டு. வடகொரிய எல்லை இங்கிருந்து தொலைவில்லை. அந்த வேலியைப் பார்த்தபடியே நாற்பது நிமிடம் போனால் பாஜு புத்தக நகரம். கான்கிரீட்டும் மரமும் துருப்பிடித்த இரும்புமாகத் தாழ்ந்த கட்டடங்கள், நடுவே நாணல் அடர்ந்த ஓடை. ஒவ்வொரு கட்டடமும் ஒரு பதிப்பகம் அல்லது அச்சகம் அல்லது பைண்டிங் கூடம். தெருவில் ஆளில்லை. எல்லாரும் உள்ளே படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

இன்று 11/11 என்பதால், நான்கு ஒன்றுகளைப் போல மெல்லிசாக நீண்டிருக்கும் சாக்லேட் பிஸ்கட்டை ஒருவருக்கொருவர் கொடுக்கும் நாளாம். என் மேஜையில் மூன்று பெட்டி இருந்தது.

அலுவலகத்தில் மொத்தம் ஐந்து பேர். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதவியோடு 'நிம்' என்ற மரியாதை விகுதியைச் சேர்க்கிறார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் எல்லாருக்கும் 'பியோன்ஜிப்ஜாங்நிம்'. ஐம்பது வயதைத் தாண்டியவர், நரையை மறைக்காதவர். எதிர் மேஜைப் பெண் வந்து அமர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஆண்டு பிறந்தீர்கள்?" சொன்னேன். அவளைவிட நான் மூன்று வயது மூத்தவள். அவள் முகம் தெளிந்தது. "அப்படியானால் ஓன்னி என்று கூப்பிடலாம்" என்றாள். ஒரு பெண் தன்னைவிட மூத்த பெண்ணைக் கூப்பிடும் சொல் அது. அக்கா. என் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிவதற்கு முன்பே எனக்கு ஒரு தங்கை கிடைத்துவிட்டாள்.

நவம்பர் 14, வியாழன்

இன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. மாணவர்கள் நெரிசலில் மாட்டக் கூடாது என்று அலுவலகங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கின்றன. ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது விமானங்கள்கூட ஏறி இறங்குவதில்லை. நாடே குரலைத் தாழ்த்திக்கொண்ட மாதிரி இருந்தது.

தங்கியிருப்பது ஒரு கோஷிவோன், அதாவது தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்று உண்டான சிற்றறை விடுதி. மாதம் 4,50,000 வோன். கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். ஆனால் பொதுச் சமையலறையில் சோறும் கிம்ச்சியும் எந்நேரமும் இலவசம். இரவு பதினொரு மணிக்கு யாரோ சோற்றுப் பானையைக் கழுவி மறுநாளைக்கு உலை வைத்துவிட்டுப் போகிறார்கள். யாரென்று இன்னும் தெரியவில்லை.

நவம்பர் 16, சனி

குவாங்ஹ்வாமுன். சதுக்கத்தில் செஜோங் மன்னர் சிலை. 1443இல் கொரிய எழுத்துகளான ஹங்குலை வகுத்து 1446இல் மக்களுக்கு அறிவித்தவர். அரசன் ஒருவன் கையில் வாளில்லாமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைச் சற்று நேரம் நின்று பார்த்தேன்.

பக்கத்திலேயே கியோபோ புத்தகக் கடை. நோபல் பரிசு பெற்றவர்களின் படங்கள் மாட்டிய சுவரில், கொரியர் ஒருவருக்காகப் பல ஆண்டுகளாக ஓர் இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்களாம். அக்டோபர் 10இல் ஹான் காங்கின் பெயர் அறிவிக்கப்பட்டதும் அது நிறைந்தது. கொரியாவுக்கு இது முதல் இலக்கிய நோபல். அந்தப் பரிசைப் பெறும் முதல் ஆசியப் பெண்ணும் அவர்தான். ஒரு வாரத்துக்குள் அவருடைய புத்தகங்கள் பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றன. அந்த நாட்களில் பாஜு அச்சகங்கள் ஞாயிறும் ஓய்வில்லாமல் ஓடியதைத் தங்கை பெருமையோடு சொன்னாள். ஒரு மாதம் கழிந்த பிறகும் அந்த மேஜையைச் சுற்றிக் கூட்டம். பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள் ஒரு புத்தகத்தைப் பங்கு போட்டு வாங்க சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"தமிழில் இருக்கிறதா?" என்று தங்கை கேட்டாள். சமயவேல் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' நோபலுக்கு முன்பே வந்துவிட்டது என்றேன். அவள் நின்ற இடத்திலேயே கைதட்டினாள். பிறகு இந்தியப் புத்தகங்கள் இருந்த தட்டுக்குப் போனோம். அங்கே நான் கண்டவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவல்களின் கொரிய வடிவம். தமிழிலிருந்து ஒன்றும் கண்ணில் படவில்லை. 2023இல், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் பெருமாள்முருகனின் 'பூக்குழி'யும் இருந்தது, கொரிய நாவல் ஒன்றும் இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்ட இடம் லண்டன். ஆசிய மொழிகள் இரண்டு, ஒன்றையொன்று பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது.

மாலையில் குவாங்ஜாங் சந்தை. பாசிப்பருப்பை ஊறவைத்துக் கல்லில் அரைத்து, முளைப்பயறு கலந்து, எண்ணெய் மிதக்க மிதக்கச் சுடும் பிந்தேதொக். ஒன்று 5,000 வோன். ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று, அசல் அடை. பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எல்லாரும் கடைக்காரப் பெண்ணை "இமோ, இங்கே!" என்று கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக் கடை அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நானும் கூப்பிட்டேன். அவர் ஊறவைத்த வெங்காயத்தை இன்னொரு கரண்டி அள்ளி வைத்தார்.

நவம்பர் 20, புதன்

இன்று செய்த பிழையை மறைக்காமல் எழுதுகிறேன். இங்கு வந்து நான் படித்த உண்மையான பாடம் இதுதான்.

வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு அனுப்ப, முகமை ஒவ்வொரு நூலிலிருந்தும் இருபது பக்கத்துக்கு ஆங்கில மாதிரி தயாரிக்கிறது. ஓர் இளம் எழுத்தாளரின் சிறுகதைக்கான மாதிரியை என்னிடம் தந்து, தமிழில் எப்படி ஒலிக்கும் என்று செய்து பார்க்கச் சொன்னார்கள். தாயை இழந்த பெண் குழந்தையை உறவுக்காரி ஒருத்தி வளர்க்கிறாள். தாயின் நினைவு நாளில் தந்தை வீட்டில் ஜேசா சடங்கு நடக்கிறது. நம் வீட்டுத் திவசம்தான். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். குழந்தையைக் கொண்டுவிட வந்த அந்தப் பெண் வாசலோடு நின்றுவிடுகிறாள். உள்ளே நுழையவில்லை. கையில் கொண்டுவந்த பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். கதை அங்கே முடிகிறது.

ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்று இருந்தது. நான் 'அத்தை' என்று எழுதினேன். ஓரத்தில் ஒரு குறிப்பும் போட்டேன்: "அவள் ஏன் உள்ளே போகவில்லை என்பது கதையில் விளங்கவில்லை. முடிவு வலுவாக இல்லை."

பியோன்ஜிப்ஜாங்நிம் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு மூலத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். பென்சிலால் ஒரு சொல்லைச் சுற்றி வட்டமிட்டார். இரண்டே எழுத்து. இரண்டு வாரமாக ஹங்குல் எழுத்துக்கூட்டிப் பழகியிருந்ததால் என்னால் வாசிக்க முடிந்தது. இ, மோ.

"அம்மாவோடு பிறந்தவள் இமோ. அப்பாவோடு பிறந்தவள் கோமோ. உங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்லா?"

"இல்லை. வேறு வேறு சொல். சித்தி, அத்தை."

"அப்படியானால் ஏன் ஆங்கிலத்திடம் கேட்டீர்கள்?"

அவர் குரலில் கடுமை இல்லை. எனக்குத்தான் உள்ளே ஏதோ சரிந்தது. அத்தை என்றால் அந்த வீட்டில் பிறந்தவள். உரிமையோடு அடுப்பங்கரைக்கே போவாள். சித்தி அந்த வீட்டுக்கு யாரோ. சொந்த அக்காளின் திவசத்துக்கு அக்காளுக்குப் பிடித்ததைச் சமைத்துக்கொண்டு வந்தும், படைக்க உரிமை இல்லாமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறாள். கதையே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது நழுவியது மொழிபெயர்ப்பாளரின் குற்றம் இல்லை. அந்த மொழியில் அந்த அறை கட்டப்படவில்லை. நம் மொழியில் அறை இருக்கிறது. நான்தான் கதவைத் திறக்கவில்லை.

குறிப்பை அடித்துவிட்டு 'சித்தி' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அவரே அழைத்துப்போனார். 9,000 வோன் பாக்பான்: சோறு, சூப், எட்டுத் தொடுகறி. அதில் ஒன்று இனிப்பும் காரமுமாக வறுத்த நெத்திலி. தட்டைக் காலி செய்ததும் கேட்காமலே மறுபடி நிரப்பினார்கள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வேறு எந்தச் சொற்களுக்கெல்லாம் உங்களிடம் அறை இருக்கிறது என்று கேட்டார். அம்மா, அப்பா என்று தொடங்கினேன். இங்கே ஓம்மா, அப்பா. சிரித்தார். வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, சின்னவர்களிடம் ஒரு விதமாகவும் பெரியவர்களிடம் ஒரு விதமாகவும் வினையின் வாலே மாறுவது என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு நாவலில் கணவன் மனைவியை மரியாதையாகப் பேசிவந்து, ஒரு நாள் சட்டென்று ஒருமைக்கு இறங்கும் இடத்தில் ஆங்கில வாசகருக்கு ஒன்றுமே கேட்காது. தமிழ் வாசகருக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி கேட்கும். சூப் ஆறிப்போயிற்று.

நவம்பர் 24, ஞாயிறு

கவிஞர் யூன் தோங்-ஜு நினைவாகக் கட்டிய சிறிய இலக்கிய அரங்கம். மலைச் சரிவில் கைவிடப்பட்ட தண்ணீர்த் தொட்டிகளை அப்படியே அரங்கமாக்கியிருக்கிறார்கள். கொரிய மொழி ஒடுக்கப்பட்ட ஜப்பானிய ஆட்சியில் கொரியத்திலேயே எழுதி, 1945 பிப்ரவரியில் ஃபுக்குவோகா சிறையில் 27 வயதில் இறந்தவர். ஒரு தொட்டி கூரையின்றி வானம் தெரிகிறது; சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தின் கறை அப்படியே இருக்கிறது. இன்னொன்று மூடிய தொட்டி, இருட்டு. கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

நவம்பர் 27, புதன்

பனி. இது வாழ்நாளில் நான் பார்க்கும் முதல் பனி. சியோலில் 1907இல் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு நவம்பர் மாதத்தில் இவ்வளவு விழுந்ததில்லை என்று செய்தியில் சொன்னார்கள். இலை உதிர்வதற்கு முன்பே விழுந்த ஈரப்பனி என்பதால் பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து கிடந்தன. மஞ்சள் கிங்கோ இலைகள் வெள்ளைக்குள் புதைந்து தெரிந்தன. பேருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. என் சப்பாத்து முழுக்க நனைந்துவிட்டது. நிறுத்தத்தில் நின்ற ஒரு பாட்டி என் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து சூடு தரும் ஒட்டுப்பட்டை இரண்டை எடுத்து என் கையில் திணித்தார். எப்படி ஒட்டுவது என்று தன் காலைத் தூக்கிக் காட்டினார். நன்றி சொல்வதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது.

நவம்பர் 30, சனி

குவாங்ஜு. யோங்சானிலிருந்து அதிவேக ரயில், 46,800 வோன், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. நேற்று மாலை பியோன்ஜிப்ஜாங்நிம் "நாளை எங்கே?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்த ஊர்க்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1980 மே மாதம் அவர் பள்ளிச் சிறுமி. "518 எண் பேருந்தில் ஏறுங்கள்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

இராணுவச் சட்டத்தை எதிர்த்து எழுந்த மக்களை இராணுவம் ஒடுக்கத் தொடங்கியது அந்த மே 18இல். அதனால்தான் அப்போது இறந்தவர்களின் கல்லறைக்குப் போகும் பேருந்துக்கு 518 என்று எண். ஏறுவதற்கு முன் கும்நாம் தெருவில் ஜோன்னில் கட்டடத்தைப் பார்த்தேன். மேல்மாடித் தூண்களிலும் தரையிலும் குண்டு பாய்ந்த தடங்கள். முதலில் எண்ணியபோது 245 இருந்தன, கட்டடத்தின் கதவிலக்கமும் 245. ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் எண் ஒட்டியிருக்கிறார்கள். எதிரே பழைய மாகாண அலுவலகத்தைப் புனரமைப்பு வேலைக்காகத் தடுப்பு போட்டு மறைத்திருந்தார்கள்.

மதியம் ஜுமோக்பாப். 'கைப்பிடிச் சோறு' என்று பொருள். 1980இல் சந்தைப் பெண்கள் உப்பு போட்டு உருட்டித் தெருவில் நின்றவர்களுக்குக் கொடுத்த சோறு. கையில் வாங்கியதும் கவளம் என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. அந்த அளவு, அந்த உருண்டை, விரல்தடம் உட்பட.

கல்லறைத் தோட்டத்தில் காற்று ஊசியாகக் குத்தியது. கற்களுக்கிடையே நடந்து, படங்கள் வைத்த மண்டபத்துக்குள் போனேன். பள்ளிச் சீருடையில் சிரிக்கும் முகங்கள். ஹான் காங்கின் நாவலில் வரும் சிறுவனும் இவர்கள் வயதுதான். 2014இல் வந்த அந்த நாவலின் கொரியப் பெயர் 'சிறுவன் வருகிறான்'. வந்தான் இல்லை, வருவான் இல்லை, வருகிறான். ஆங்கிலத்தில் பெயரையே மாற்றிவிட்டார்கள். மண்டபத்து வாசலில் உட்கார்ந்து, பையிலிருந்த கொரியப் பிரதியின் முதல் அத்தியாயத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது: 'நோ'. நீ. அந்தச் சிறுவனைப் பற்றிச் சொல்லாமல், அவனிடமே சொல்கிறது அந்த அத்தியாயம். ஆங்கிலத்தில் 'யூ' என்று படித்தபோது அது யாரையும் குறிக்கலாம், என்னையும் குறிக்கலாம் என்று நினைத்திருந்தேன். 'நோ' அப்படி இல்லை. நெருங்கியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் மட்டுமே அப்படிக் கூப்பிட முடியும். தம்பியைக் கூப்பிடுகிற 'நீ' அது.

திரும்பும் 518இல் என்னோடு இறங்கிய முதியவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போனார்.

டிசம்பர் 3, செவ்வாய், இரவு

கை நடுங்குகிறது, எழுதுகிறேன். பத்தரை மணி சுமாருக்குத் தொலைக்காட்சியில் ஜனாதிபதி யூன் சுக் யோல் தோன்றி இராணுவச் சட்டம் அறிவித்துவிட்டார். பொதுச் சமையலறையில் எட்டுப் பேர் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து நின்றோம். தங்கை அழைத்தாள்: "ஓன்னி, வெளியே போகாதீர்கள்." பதினொரு மணிக்கு இராணுவக் கட்டளையின் வாசகம் வந்தது. பக்கத்து அறைப் பையன் எனக்காக ஒவ்வொரு வரியாகச் சொன்னான். மூன்றாவது வரியில் நிறுத்தினான். ஊடகமும் பதிப்பும் அனைத்தும் இராணுவத்தின் கட்டுப்பாட்டில்.

பதிப்பு. பாஜு, அந்த ஓடை, தாழ்ந்த கட்டடங்கள், பென்சில் வட்டம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. குவாங்ஜுவுக்குப் போய்வந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது.

மணி ஒன்று. நாடாளுமன்றத்துக்குள் வந்து சேர்ந்த 190 உறுப்பினர்களும் இராணுவச் சட்டத்தை நீக்கச் சொல்லி வாக்களித்துவிட்டார்கள். வாசலில் மக்கள் கூட்டம், இராணுவ வண்டிகளுக்கு முன்னால். பையன் அழுகிறான். யாரோ அரிசி களைந்து உலை வைக்கிறார்கள். இதுவரை யாரென்று தெரியாதிருந்தவர் அவர்தான்: மூன்றாவது மாடியில் இருக்கும், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் நடுவயதுக்காரர்.

டிசம்பர் 4, புதன்

அதிகாலை நாலரைக்கு இராணுவச் சட்டம் விலக்கப்பட்டது. ஏழே முக்காலுக்கு 2200 எப்போதும்போல வந்தது. அதே வரிசை, அதே ஒழுங்கு. ஓட்டுநர் மட்டும் வானொலியை உரக்க வைத்திருந்தார். ஒருவரும் குறைக்கச் சொல்லவில்லை.

பியோன்ஜிப்ஜாங்நிம் எனக்கு முன்பே வந்திருந்தார். மேலங்கியைக் கழற்றவில்லை, கண் சிவந்திருந்தது. இரவு முழுக்க நாடாளுமன்ற வாசலில் நின்றிருக்கிறார். இரண்டு கைகளாலும் பார்லி தேநீர்க் கோப்பையை அணைத்துப் பிடித்திருந்தார்.

குவாங்ஜுவிலிருந்து திரும்பிய பிறகு நான் என் பயிற்சிக்காகத் தமிழில் செய்து பார்த்த, 'சிறுவன் வருகிறான்' நாவலின் முதல் பக்கத்தை மேஜையில் வைத்தேன். ஆங்கிலப் பிரதியைத் தொடாமல், அகராதியும் தங்கையும் துணையாக, ஒரு பக்கத்துக்கு மூன்று மாலை ஆகியிருந்தது. "வாசியுங்கள்" என்றார். தமிழ் அவருக்குத் தெரியாதே என்றேன். "பரவாயில்லை, வாசியுங்கள்."

வாசித்தேன். அவர் கொரியப் பக்கத்தைத் திறந்துவைத்து, கண்ணை மூடிக் கேட்டார். ஒவ்வொரு 'நீ'யும் வரும்போது பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். முடித்ததும் கோடுகளை எண்ணினார், மூலத்தில் இருந்ததையும் எண்ணினார்.

"ஒன்று குறைகிறது" என்று சொல்லித் தாளை என் பக்கம் தள்ளினார்.